மூத்திர டொக்டர்

எங்கள் பெண்கள் வார்ட்டில் டொக்டருக்கென்று கைபிடி வைத்த நல்ல பலகைக் கதிரை ஒன்று போட்டிருந்தார்கள். அவர் வேலை செய்த காலம் முழுக்க அதில் நான்தான் உட்கார்ந்து இருந்தேன். அவர் இருக்கமாட்டார். தேத்தண்ணியை நின்றபடி குடிப்பார். பாதி குடிப்பதற்குள் ஏதோ ஞாபகம் வந்து கோப்பையை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். எந்த யன்னலில் ஆறிப்போன தேத்தண்ணி இருக்கிறதோ அந்த வழியால் மனுசன் போயிருக்கிறார் என்று அர்த்தம். சோற்றுப் பார்சலும் நின்றபடிதான். கை சோற்றில் இருக்கும், கண் யாரோ ஒரு நோயாளியின் மேல் இருக்கும்.

"ஒரு நிமிசம் இரிங்களேன் டொக்டர். பாத்துப் பாத்து எனக்குக் கால் உளையுது."

"இரிந்தா நித்திர வரும் மிஸி."

"வந்தா வரட்டுமே. ஆர் வேணாமெண்டது?"

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் வராந்தாவின் மறுகோடியில் நின்றார். என் பேச்சைக் கேட்க அங்கே ஆளில்லை.

சுனாமியில் கடல் வந்து போன பிறகுதான் மனுசன் இப்படி ஆனார் என்று ஆஸ்பத்திரியில் ஒரு கதை உலாவியது. சும்மா கதை. பாண்டிருப்பில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரி எங்களோடு வேலை செய்தார். அவரைக் கேட்டேன். "சின்ன வயசிலயே ஒரு இடத்தில இரிக்காது அந்தப் புள்ள. கோயில்ல பொங்கல் குடுத்தாலும் நடந்து திரிஞ்சுதான் தின்னும்" என்றார். ஆக, அது பிறவிக் குணம். கடலைத் திட்டுவதற்கு நமக்கு வேறு எத்தனையோ காரணம் இருக்கிறது. இதையும் அதன் தலையில் கட்டுவானேன்?

நான் நிந்தவூர்க்காரி. வாய் கொஞ்சம் நீளம் என்று என் உம்மாவே சொல்லுவா. அந்த நாட்களில் எங்கள் கரையில் மிஸி என்று கூப்பிடும் தாதிமாரில் முஸ்லிம்கள் குறைவு. அதனால் பெண்கள் வார்ட்டில் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி என்று பெயர்தான். கடல் பக்கக் கட்டிடத்தைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஆய்வுகூடமும் அதற்குள்தான் இருந்தது. நுணுக்குக்காட்டி ஒன்று முள்ளுக்கம்பி வேலியில் மாட்டித் தொங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு முகாம்களிலிருந்து பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, போர்வைக்குள் பல் கிட்டி நடுங்கிக்கொண்டு வருவார்கள். சலம் போகும் வழியில் தொற்றிய கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்த காய்ச்சல் அது. கேட்டால் ஒருத்தியும் சொல்லமாட்டாள். "காய்ச்சல் மிஸி. நாரி வலி மிஸி." அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. சலம் என்ற சொல்லையே நாங்கள் காதோடு காதாகத்தான் சொல்லுவோம். அவர் வருவார். வாசலில் நிற்கும்போதே தொடங்கிவிடுவார்.

"மூத்திரம் எரியுதா புள்ள?"

அந்தக் குரலுக்கு ஆண்கள் வார்ட்டில் படுத்திருப்பவன் "ஓம்" என்று பதில் சொல்லுவான். முகாமில் அவருக்கு மூத்திர டொக்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் அவரிடம் அதைச் சொன்னேன். சந்தோசப்பட்டார். "பேர் வச்சாத்தான் ஆள ஞாபகம் வச்சிருப்பாங்க" என்றார். வெட்கமே கிடையாது.

ஆனால் பெண்களைத் தொடமாட்டார். சிறுநீரகத்தில் கிருமி என்றால் முதுகில், விலா எலும்பு முடியும் இடத்தில், கைமுட்டியால் தட்டினால் உயிர் போகும். அதைத் தட்டிப் பார்க்கவேண்டும். நோயாளியைச் சுற்றி நான் திரையை இழுத்து மூடுவேன். அவர் திரைக்கு வெளியே நிற்பார். "தட்டுங்க மிஸி" என்பார். நான் தட்டுவேன். அவள் "அல்லாஹ்!" என்று கத்துவாள். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் சொல்லிவிடுவார். "இது வயல் வேல செஞ்ச வலி, விடுங்க." "இது அதுதான். போத்தல் எடுங்க." ஒருநாளும் பிழை விட்டதில்லை என்று சொல்லமாட்டேன், விட்டிருக்கிறார். அப்போது தலையில் அடித்துக்கொண்டு நடப்பார்.

போத்தல்தான் எங்கள் இருவருக்கும் முதல் சண்டை. காய்ச்சலில் தூக்கித் தூக்கிப் போடும் ஒரு பெண்ணுக்கு நான் ஊசியோடு போகிறேன். குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"போத்தல் எங்க?"

"புள்ள நடுங்குது. நீங்க போத்தல் கேக்கிறீங்க!"

"ஊசி உள்ள போனா கிருமி பாதி செத்திரும், மிச்சம் ஒளிச்சிரும். பிறகு ஆர் வந்ததெண்டு எனக்கு எப்படித் தெரியும்? முதல் மூத்திரம், பிறகு மருந்து. சுறுக்கா மிஸி, சுறுக்கா."

சுறுக்கா என்று என்னைச் சொல்லிவிட்டு, போத்தலைத் தேடி அவரே ஓடினார். கோபம் வந்தாலும் இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அந்தப் போத்தல் மட்டக்களப்புக்குப் போகவேண்டும். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. வழியில் சூடு பட்டால் வேறு கிருமிகளும் பெருகி எல்லாம் குழம்பிப் போகும். ஆகவே ஐஸ். ஐஸுக்கு எங்கே போவது? கல்முனைச் சந்தை மீன் முதலாளியிடம்தான். மீன் வந்த, சூடு உள்ளே போகாத ரெஜிஃபோம் பெட்டி, மீனுக்கு வந்த ஐஸ். எத்தனை தரம் கழுவினாலும் சூடை மீன் மணம் போகாது. அதற்குள் போத்தலை நட்டுவைத்து, மூடி, பெட்டியின் மேல் "மூத்திரம், அவசரம்" என்று அவரே கொட்டை எழுத்தில் எழுதி, காலை பஸ்ஸில் கொண்டக்டரின் காலடியில் வைத்துவிடுவார். பஸ் புறப்பட்ட பிறகும் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடப்பார்.

ஒருதரம் கொண்டக்டர் வந்து சொன்னான். "ஆமிச் சென்றியில ஒரு பெடியன் பெட்டியத் திறந்து மணந்து பாத்திட்டு, மாளுத, மீனா எண்டு கேட்டான் மிஸி. இல்ல, மூத்திரம் எண்டன். கையக் கழுவ என்ட தண்ணிப் போத்தல வாங்கிட்டுத் திருப்பித் தரவே இல்ல." நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "மூடியத் திறந்தானா? எந்த மூடிய? பெட்டியயா, போத்தலயா?" என்று கொண்டக்டரைத் துரத்திக்கொண்டு போனார்.

மருந்து அலுமாரியும் அவருக்கு ஒரு வருத்தம். பழைய மருந்துகளைச் சனம் கடைகளில் வாங்கி இனிப்பு மாதிரித் தின்று தீர்த்ததில் பல கிருமிகள் அவற்றுக்கு அசைவதில்லை. எதற்கும் மசியாத கிருமிக்கென்று ஒரு பெரிய மருந்து இருந்தது. கொழும்பிலிருந்து கொஞ்சமாக வரும், அதுவும் எப்போதாவது. அந்த அலுமாரியைப் பூட்டி அதன் திறப்பை ஊசிப்பின்னால் சட்டைப் பையில் குத்தி வைத்திருப்பார். யாருக்காவது அது தேவையென்றால் அலுமாரிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்.

"இவளுக்கு இப்ப குடுத்தா, நாளைக்கு வாறவளுக்கு என்னத்தக் குடுக்கிற?"

"நாளைக்கு வாறவள் இன்னும் வரல்லயே டொக்டர்."

"வருவாள் மிஸி."

ஏன் இத்தனை பெண்கள் என்பதுதான் அவருக்கு ஓயாத கேள்வி. ஒருநாள் மோட்டார் சைக்கிளில் முகாமுக்குப் போய்விட்டார். நான் பின்னால் திரீவீலரில் போனேன், பெண்கள் அவரைக் கண்டால் தகரக் கொட்டிலுக்குள் ஓடிவிடுவார்கள் என்பதால். போய்ப் பார்த்தால், கக்கூசுகள் வரிசையாக ரோட்டைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடை. வேலையில்லாத ஆம்பிளைகள் பகல் முழுக்க அங்கேதான். எந்தப் பெண் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவாள்? பொழுதுபடும் வரை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். அடக்கவேண்டி வரும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. கிருமிக்கு வேறு என்ன வேண்டும்!

பள்ளிவாசல் மரைக்கார் ஓடிவந்தார். பெரிய மனிதர், முகாமுக்குப் பொறுப்பானவர். டொக்டர் ரோட்டில் நின்றே தொடங்கிவிட்டார்.

"டொக்டர், பொண்டுகள்ட விசயத்த ரோட்டில நிண்டு கதைக்காதீங்க" என்றார் மரைக்கார்.

"கக்கூச ரோட்டில கட்டலாம், கதைச்சா மட்டும் வெட்கமா?"

"கட்டினது வெளிநாட்டுக்காரன்."

"பாத்துக்கிட்டு இரிந்தது ஆரு?"

 தமிழ் டொக்டர், முஸ்லிம் முகாம், காலமும் சரியில்லை. ஒரு சொல் பிசகினால் ஹர்த்தால் வரைக்கும் போகும்.  மரைக்கார் தேத்தண்ணிக் கடைப் பக்கம் திரும்பி, அங்கே இருந்தவர்களை ஒரு கத்துக் கத்தினார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அடுத்த நாளே கக்கூசுகளுக்கு முன்னால் ஆளுயரத்துக்குத் தென்னங்கிடுகு வேலி எழும்பியது. டொக்டர் போய் வேலியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

ஜெசீமா அந்த முகாமிலிருந்து வந்தவள்தான். முதற்பிள்ளை வயிற்றில். முதல்தரம் வந்தபோது நடுக்கம், காய்ச்சல், முதுகைத் தட்டியதும் கத்தல், எல்லாம் வழக்கம் போல. போத்தல் போனது, ரிசல்ட் வந்தது, அதற்கேற்ற மருந்து ஊசியாகப் போட்டோம். காய்ச்சல் விட்டது. மிச்ச நாளைக்கு அதே மருந்தைக் குளிசையாகக் கொடுத்தோம். அவர் கட்டிலடியில் நின்று மாத்திரைப் பையை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். "எல்லாத்தையும் குடிக்கணும். காய்ச்சல் விட்டிட்டெண்டு நிப்பாட்டினா, மறுகா வரும். விளங்கிச்சா?" "ஓம் டொக்டர்" என்றாள். நல்ல பிள்ளை.

நல்ல பிள்ளை கொஞ்ச நாளில் திரும்பி வந்தாள், அவளுடைய உம்மாவின் தோளில். இந்தத் தரம் நடுங்கவும் தெம்பில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், மூடிக்கொள்கிறாள். வயிறு இறுகி இறுகி விட்டது. பிள்ளை இப்போதே பிறந்தால் தாங்காது. இப்படியே விட்டால் தாயும் தாங்கமாட்டாள். அவர் திரைக்கு வெளியே நின்று நான் சொல்லச் சொல்லக் கேட்டார். அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

"சரியான மருந்துதான் குடுத்தம். அதையும் மீறி வந்திரிக்கெண்டா, கிருமி மாறிட்டு மிஸி."

போத்தல் எடுத்த கையோடு அலுமாரியைத் திறந்து பெரிய மருந்தைக் கொடுத்துவிட்டார். நடக்கவே இல்லை, தயங்கவும் இல்லை. ஆனால் இருந்த மருந்து அவளுக்கே கடைசி வரை காணாது. அது முடிவதற்குள் வேறு எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும் என்று தெரிந்தாகவேண்டும். போத்தல் மட்டக்களப்புக்குப் போகவேண்டும்.

அன்று பஸ் இல்லை. சண்டை மறுபடியும் கிழக்குக்கு வந்திருந்த நாட்கள். காலையில் எங்கோ குண்டு வெடித்து, பஸ்காரர்கள் ஓடமாட்டோம் என்றுவிட்டார்கள். ஆம்புலன்ஸ் காயக்காரரோடு அம்பாறைக்குப் போயிருந்தது. அவர் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டத் தொடங்கினார். நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன், கட்ட விடாமல். தனியாக ரோட்டில் போன தமிழ் ஆம்பிளைகள் வீடு திரும்பாத காலம் அது.

"உங்களுக்கு விசரா? போன மனுசன் வராட்டி இந்த வார்ட்ட ஆர் பாக்கிற?"

"கயித்த விடுங்க மிஸி. ஐஸ் கரையுது."

விட்டேன். வேறு என்ன செய்ய? அன்று பகல் நான் குடித்த தேத்தண்ணியும் பாதியோடு யன்னலில் ஆறிக் கிடந்தது. எத்தனை துஆ ஓதினேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும், அவளுக்கா அவருக்கா என்றும் அவனுக்குத்தான் தெரியும்.

பின்னேரம் அசர் பாங்கு சொல்லும்போது வந்து சேர்ந்தார். காற்சட்டையின் பின்பக்கமெல்லாம் மணல். "டொக்டர் இரிந்திருக்கார்!" என்று கத்திவிட்டேன். அவர் நின்றபடியே சொன்னார். வழியில் ஒரு சென்றியில் மறித்திருக்கிறார்கள். போத்தலைக் கண்டதும், தண்ணீர்ப் போத்தலுக்குச் சொல்வது போல, திறந்து ஒரு மிடறு குடித்துக்காட்டச் சொல்லியிருக்கிறான் நின்றவன். இவர் திறக்கமாட்டேன் என்றிருக்கிறார். குடிக்கப் பயந்தல்ல. திறந்தால் கிருமி கலந்துவிடுமாம்! பெரியவன் வரும் வரைக்கும் ரோட்டோரம் மணலில் குந்தியிருக்க வைத்துவிட்டார்கள், வெயிலில், துப்பாக்கி முனையில். இவருக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "பபா, பபா" என்று வயிற்றைக் காட்டிக் காட்டிச் சொன்னதில், வந்த பெரியவனுக்கு விளங்கிவிட்டது.

"ஐஸ் எல்லாம் தண்ணியாப் போச்சு மிஸி. அதுக்குப் பிறகு அந்தப் பெடியன், குடிக்கச் சொன்ன அதே பெடியன், மீன் லொறி ஒண்ட மறிச்சு ஐஸ் வாங்கிப் போட்டுத் தந்தான்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஜெசீமாக்கு மூத்திரம் போச்சா?"

ரிசல்ட் தொலைபேசியில் வந்தது. ஜெசீமா அதற்குள் கண் விழித்து, கஞ்சி கேட்கும் அளவுக்கு வந்திருந்தாள். வயிறும் இறுகுவதை நிறுத்தியிருந்தது. அவர் ஒரு கையில் போனோடு நடந்தபடி, அந்தப் பக்கம் வாசிக்க வாசிக்க மருந்துகளின் பெயரை உரக்கத் திருப்பிச் சொன்னார். ஒரு பெயர் வந்ததும் நடை நின்றது. போனை வைத்துவிட்டார்.

"மிஸி. பழைய கிருமிதான். மாறல்ல. நாம குளிசையாக் குடுத்த மருந்துக்கே சாகுமாம்."

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல விசயம்தானே? பெரிய மருந்த நிப்பாட்டலாமே."

"நல்ல விசயம்தான். அப்ப ஏன் திரும்பி வந்த? மருந்தில பிழையில்ல. அவள் குடிக்கல்ல." அவர் என்னைப் பார்த்தார். "குடிக்கல்லயெண்டா, மிச்சக் குளிச எங்க?"

எனக்கு அப்போதுதான் ஒரு விசயம் உறைத்தது. ஜெசீமாவுக்கு ஒரு தங்கச்சி உண்டு. முதல்தரம் வந்தபோது அக்காவின் கட்டிலை விட்டு அசையாத பெட்டை. இந்தத் தரம் உம்மா வருகிறா, புருசன் வருகிறான், அவள் மட்டும் வரவே இல்லை. நேற்றுக்கூடக் கேட்டேன். "அவக்கு வேல மிஸி" என்று ஜெசீமா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

திரையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"பாதிய ஆருக்குக் குடுத்தாய்? தங்கச்சிக்கா?"

அழத் தொடங்கிவிட்டாள். "சொல்லமாட்டனெண்டு அல்லாஹ்ட மேல சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன் மிஸி."

"நீ சொல்ல வேணாம் புள்ள. நான் சொல்றன், நீ தலைய ஆட்டு. அவளுக்கும் இதே வருத்தம்."

தலையை ஆட்டினாள். பிறகு தானாகவே கொட்டினாள். தங்கச்சிக்குச் சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். குமரிப் பிள்ளைக்கு மூத்திர வருத்தம் என்று வெளியில் போனால் கலியாணம் நின்றுவிடும். ஆகவே அக்காவுக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று என்று பங்கு. கடலுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எல்லாமே அப்படித்தான். ஒரு பாய் கிடைத்தாலும் பாதி, ஒரு பார்சல் கிடைத்தாலும் பாதி. குளிசை வேறு சாமான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"ஏண்டி, இஞ்ச கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"இந்த வார்ட்டில படுத்திருக்கிறது எல்லாம் எங்கட முகாம் ஆக்கள். டொக்டர் வாசல்ல நிண்டே கத்திக் கேப்பார். அதான் மிஸி."

திரைக்கு வெளியே செருப்புச் சத்தம் இல்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். நான் திரையை விலக்கியபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது. கொஞ்ச நேரம்தான். அடுத்தது மோட்டார் சைக்கிள் உதைபடும் சத்தம், பின்னால் திரீவீலரில் நான்.

முகாமில், கொட்டிலின் மூலையில், தகரச் சூட்டில், இரண்டு போர்வைக்குள் கிடந்தாள் அந்தப் பிள்ளை. தலைமாட்டில் ஓதிய தண்ணீர். வாய் பிதற்றிக்கொண்டிருந்தது. கை கால் ஐஸ் மாதிரி. உம்மா எங்களைக் கண்டதும் வாசலை மறைத்துக்கொண்டு நின்றா. "சும்மா காய்ச்சல்தான் டொக்டர். இன்னும் ரெண்டு நாளில விட்டிரும்."

முகாமே கூடிவிட்டது. இந்த மனிதர் இப்போது வாயைத் திறக்கப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நெருப்புக் காய்ச்சல்" என்றார் அவர். டைபொயிட்டாம், எல்லாருக்கும் கேட்கும்படி பச்சைப் பொய். "தொத்தும். எல்லாரும் தள்ளி நில்லுங்க. மிஸி, தூக்குங்க."

வார்ட்டுக் கோடியில் படுக்கை விரிப்பு வைக்கும் சின்ன அறை இருந்தது. அவளுக்கு அங்கே கட்டில் போட்டோம். அவர் போத்தல் என்ற சொல்லைக்கூடச் சொல்லவில்லை. விரல் இரண்டால் அளவு காட்டினார், எனக்கு விளங்கியது. முதல் மூத்திரம், பிறகு மருந்து. அதில் மட்டும் மாற்றமில்லை. அக்காவுக்குச் சாதாரண மருந்தே போதும் என்று ஆகிவிட்டதால் பெரிய மருந்து கொஞ்சம் மிஞ்சியிருந்தது. திறப்பைச் சட்டையிலிருந்து கழற்றும்போது ஊசிப்பின் அவர் விரலில் ஏறிவிட்டது. "நாளைக்கு வாறவள்" என்று நான் முணுமுணுத்தேன். அவர் கேட்டாரோ என்னவோ.

ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று நானும் அவரும் மாறி மாறிப் பார்த்தோம். ஏறும், விழும். சேலைன் போத்தல் மாற்றுவோம், மறுபடியும் விழும். அறைக்கு வெளியே அவர் நடந்த இடத்தில் சீமெந்து தேய்ந்திருக்கவேண்டும். மறுநாள் வெயில் ஏறிய நேரம் அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து, அவரைக் கண்டு, முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது. வெட்கப்படுகிற பிள்ளை பிழைத்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சுவரில் சாய்ந்து அழுதேன். சொல்வதற்கென்ன, நன்றாக அழுதேன்.

அவளுடைய போத்தலில் அவள் பெயரை எழுதினால் முகாமில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று என் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார்! எனக்குத் தெரியாது. பஸ் அதற்குள் மறுபடியும் ஓடத் தொடங்கியிருந்தது; போத்தலைக் கொண்டுபோன கொண்டக்டர் பிறகு என்னைக் கண்டு, "இப்ப சுகமா மிஸி? எரிவு விட்டிட்டா?" என்று நடுரோட்டில் கேட்டான். அந்த மனிதரை அன்று நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஜெசீமாவுக்கு ஆம்பிளைப் பிள்ளை, மாதம் நிறைந்து பிறந்தான். தங்கச்சிக்கு வீடு கிடைத்ததும் கலியாணம் நடந்தது. டொக்டரையும் அழைத்தார்கள். எல்லாரும் சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட, அவர் ஒரு கோப்பையில் வாங்கிக்கொண்டு பந்தல் காலடியில் நின்று சாப்பிட்டாராம். மணப்பெண் கடைசிவரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் கத்துவதில்லை. திரைக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்பார். மூத்திரம் எரியுதா என்று முதல் கேள்வி. திரும்பி வந்தவளென்றால் இன்னொரு கேள்வி. "பாதிய ஆருக்குக் குடுத்தாய்?" திட்டமாட்டார். பதில் வந்ததும் அந்த மற்றவளைத் தேடிப் போய்விடுவார். மச்சிக்கு, மாமிக்கு, பக்கத்துக் கொட்டில்காரிக்கு என்று எத்தனை பதில்கள்! எங்கள் பெண்கள் யாரும் ஒரு மருந்தை முழுதாகத் தனியே குடித்ததே இல்லை போலிருந்தது.

வடக்கில் சண்டை முடிந்து, சனத்தையெல்லாம் வவுனியாப் பக்கம் முகாம்களில் அடைத்த வருஷம், அங்கே டொக்டர்மார் போதாது என்று கதை வந்தது. அவர் தானாகக் கேட்டுப் போனார். "லட்சக்கணக்கில பொம்பிளைகள் மிஸி. தண்ணி குடிக்காம இரிப்பாங்க" என்றார். அலுமாரித் திறப்பை ஊசிப்பின்னோடு என்னிடம் தந்துவிட்டு நடந்துவிட்டார். யன்னலில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி இருந்தது.

கன நாளைக்குப் பிறகு ஒரு பின்னேரம் போன் வந்தது. நான் அவருடைய கதிரையில் இருந்தேன். அந்தப் பக்கம் இரைச்சல், காற்று, அவருடைய செருப்புச் சத்தம்.

"மிஸி, இஞ்சயும் கக்கூச ரோட்டப் பாத்துத்தான் கட்டியிருக்கு."

"ஆரோட சண்ட புடிச்சீங்க?"

"சண்ட புடிக்க இஞ்ச மரைக்கார் இல்லயே" என்றார். பிறகு எங்கள் வார்ட்டைக் கேட்டார், ஐஸைக் கேட்டார், ஜெசீமாவின் மகனைக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டு, "அங்க உள்ளவங்களும் குளிசயப் பங்கு போடுறாங்களா?" என்றேன்.

 நடக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"ஒரு பொம்பிளயிட்டக் கேட்டன் மிஸி. பாதிய ஆருக்குக் குடுத்தீங்க எண்டு. காய்ச்சல் திரும்பி வந்திரிந்த. வழக்கமாக் கேக்கிற மாதிரித்தான் கேட்டன். எல்லாத்தையும் நானே குடிச்சன் டொக்டர் எண்டா. குடுக்கிறதுக்கு ஆரும் மிச்சமில்லயாம்."

நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"டொக்டர்" என்றேன். "எங்கயாவது கொஞ்சம் இரிங்க."

"ஓம் மிஸி" என்றார்.